கெனோபிக்குச் சாயம் ஏற்றக் கொதிநீர் வேண்டாம்

கேள்வி: ஒன்றரை மீற்றர் இறக்கையுள்ள ரேடியோ கட்டுப்பாட்டுக் கிளைடர் மாதிரி விமானம் வைத்திருக்கிறேன். அதன் கெனோபிக்கு, அதாவது விமானி அறையின் தெளிவான பிளாஸ்டிக் மூடிக்கு, புகை நிறம் தர, ஒளி ஊடுருவும் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். காய்ந்ததும் பால் கொட்டியதுபோல் வெளுத்துவிட்டது. என்ன செய்யலாம்? – வாசகர் ஒருவர், நுவரெலியா.

பதில்: பெயின்டைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் இது பனிமூட்டத்தின் வேலை. ஸ்ப்ரேயிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து வெண்படலமாகிவிடுகிறது. துவைத்த சட்டையே இரண்டு நாள் கொடியில் தொங்கும் ஊரில் பெயின்ட் மட்டும் ஒழுங்காகக் காய்ந்துவிடுமா? தின்னர் போட்டுத் துடைக்கவும் போகாதீர்கள், பிளாஸ்டிக்கில் மயிரிழை வெடிப்பு விழும். புதிய கெனோபி ஒன்றை வாங்கி, பெயின்டை விட்டுவிட்டுச் சாயம் ஏற்றிப் பாருங்கள். பெயின்ட் மேலே ஒட்டிக்கொள்வது. சாயம் உள்ளே ஊறுவது. அதனால் உரியாது, ஈரக் காற்றுக்கும் அஞ்சாது.

எந்தச் சாயம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பருத்தித் துணிக்கான சாயம் பிளாஸ்டிக்கில் பிடிக்காது. கெட்டியான தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தால் போதும் என்று எனக்கும் ஒருவர் யோசனை சொன்னார். குடிக்கத்தான் நன்றாக இருந்தது. பொலியெஸ்டர் துணிக்கென்று விற்கும் சாயத்தையே வாங்குங்கள். இப்போதைய கெனோபிகளில் பல பி.இ.டி.ஜி. என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. அது பொலியெஸ்டருக்கு நெருங்கிய உறவு.

அடுத்தது சூடு. பி.இ.டி.ஜி. ஏறத்தாழ 80 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். என் முதல் கெனோபியை அடுப்பிலிருந்த சட்டியில் போட்டேன். இரண்டு நிமிடத்தில் வாடிய வெற்றிலையாகச் சுருண்டது. 65 முதல் 70 பாகை வரை போதும். வெப்பமானி இல்லையா? கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்திலுள்ள உங்கள் ஊரில் தண்ணீர் 94 பாகையளவில் கொதித்துவிடும். கொதிநீர் இரண்டு பங்கும் 16 பாகையளவான குழாய்த் தண்ணீர் ஒரு பங்கும் கலந்தால் 68 வரும். கொழும்பிலுள்ள நண்பருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிவிடாதீர்கள். அங்கே கொதிநீரும் குழாய்த் தண்ணீரும் இதைவிடச் சூடு, மூடி இளகும் அளவை நெருங்கிவிடும்.

சாயத்தைத் தனியே கொதிநீரில் கரைத்து, பழைய துணியில் வடிகட்டி, அளந்த கொதிநீரோடு சேர்த்து, பிறகு குழாய்த் தண்ணீரைக் கலவுங்கள். வடிகட்டாவிட்டால் கரையாத துகள் ஒட்டிய இடமெல்லாம் கரும்புள்ளி. பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்டால் சாயம் சீராகப் பரவும். கெனோபியையும் அதே திரவத்தால் கழுவுங்கள், விரல் ரேகைகூடத் திட்டாகத் தெரியும். சுற்றியுள்ள விளிம்பை இப்போது வெட்ட வேண்டாம். உருவம் கோணாமல் காப்பதும் பிடித்துத் தூக்க உதவுவதும் அதுதான். வேண்டுமானால் ஓரத்தில் ஒரு சிறு துண்டை மட்டும் நறுக்கி முதலில் சோதியுங்கள். துண்டு சுருண்டால் சூடு அதிகம். நிறமே ஏறாவிட்டால் அது வேறு வகைப் பிளாஸ்டிக். சாய யோசனையைக் கைவிடுங்கள்.

மூடியைக் கிண்ணம்போல் நிமிர்த்தி, சரித்து இறக்குங்கள். கவிழ்த்து இறக்கினால் உள்ளே காற்று அடைபட்டு, உச்சியில் வட்டமாக ஒரு வெளிறிய திட்டு நிற்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி, வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். நினைத்ததைவிடச் சற்று வெளிறலாக இருக்கும்போதே நிறுத்துங்கள். கூடிய நிறத்தைக் குறைக்க வழியில்லை. கறுப்புச் சாயம் சிலவேளை ஊதா காட்டும், அதற்கும் அந்தச் சோதனைத் துண்டே பதில் சொல்லும்.

ஒட்டுவதற்கு சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி உட்புறத்தில் வெள்ளையாகப் படியும். இருண்ட மூடியில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். காய்ந்தால் தெளியும் வெள்ளைப் பசையைத் தடவி, இரவு முழுவதும் டேப் போட்டு வையுங்கள். உங்கள் ஊர்க் குளிருக்கு ஒரு பகலும் சேர்த்தே வையுங்கள்.