சுருக்கமாகச் சொல்லவும்!

கேள்வி: லண்டன் 'டைம்ஸ்' நாளேட்டில் பத்தி எழுதிய பெர்னார்ட் லெவினை டி.வி. நிகழ்ச்சியிலேயே ஒருவர் குத்திவிட்டாராமே? யார் இந்த லெவின், என்ன சாதித்தார்? சுருக்கமாகச் சொல்லவும்.
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: வந்துவிட்டதா, 'சுருக்கமாக'! இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான் முடிகின்றன. இரண்டாம் உலகப் போரைப் பற்றிச் சுருக்கமாக. கடவுள் உண்டா, சுருக்கமாக. கேட்கிறவர்கள் மட்டும் இன்லண்ட் லெட்டரின் மடிப்பு வரை நுணுக்கி எழுதுவார்கள். எங்கள் அலுவலகத்திலேயே முன்பு ஒரு பிழை திருத்துபவர் இருந்தார். வாக்கியம் மூன்றாம் வரிக்குப் போனால் போதும், சிவப்புப் பேனாவால் நடுவில் ஒரு முற்றுப்புள்ளி குத்திவிடுவார். அவருக்கு நான் கொடுத்த பிரிவு உபசார உரை முக்கால் மணி நேரம். வேண்டுமென்றேதான்.

ஐயா, லெவினைப் பற்றியா சுருக்கம் கேட்கிறீர்கள்? 1,600 சொற்களைத் தாண்டிய ஒரே வாக்கியத்தை எழுதி, நாளேட்டில் அச்சானவற்றிலேயே இதுதான் நீளமானது என்று மார்தட்டிக்கொண்ட மனிதர் அவர். இருந்தாலும் உங்கள் ஆசைக்காக ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன்.

1928-இல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, மூன்று வயதில் தகப்பனார் வீட்டைவிட்டுப் போய்விட, தாயாரின் அரவணைப்பில் வளர்ந்து, உதவித்தொகை பெற்று கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடலில் (பதற வேண்டாம், அது பள்ளிக்கூடம்) படித்து, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் அரசியல் அறிஞர் ஹெரால்ட் லாஸ்கி, தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் ஆகியோரிடம் பாடம் கேட்டு, 1950களில் 'ஸ்பெக்டேட்டர்' வார இதழில் 'டேப்பர்' என்ற புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டு நாடாளுமன்றக் கூத்துகளை எழுதி, அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த மானிங்ஹாம்-புல்லரின் பெயரை 'புல்லியிங்-மேனர்' என்று திருப்பிப் போட்டு, அதாவது மிரட்டல் பேர்வழியாக்கி, பிறகு நாடக விமர்சகராகி நடிகர்களின் சாபத்தை மூட்டை கட்டிக்கொண்டு, 'டெய்லி மெயி'லில் 1970 தேர்தல் சமயத்தில் தன் எழுத்தில் கை வைக்கப் பார்த்தார்கள் என்று கோபித்துக்கொண்டு கிளம்பி, 1971-இல் 'டைம்ஸு'க்கு வந்து, 1997 வரை அங்கே அரசு, நீதிபதிகள், தொழிற்சங்கங்கள், வாக்னரின் இசை, லண்டன்காரர்களின் அடுப்புக்கு எரிவாயு தந்த வடக்கு தேம்ஸ் காஸ் போர்டு என்று ஒன்றையும் விடாமல் எழுதித் தள்ளி, கடைசியில் அல்ஸைமர் நோயில் நினைவு கழன்றுபோய், 2004 ஆகஸ்டில் 75 வயதில் காலமானவர்.

மூச்சு வாங்குகிறதா? தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

1978 டிசம்பரில் நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் நடந்த தகராறில் 'டைம்ஸ்' மூடப்பட்டு, ஏறத்தாழ ஒரு வருடம் வெளிவரவில்லை. திரும்ப வந்ததும் லெவின் எழுதிய பத்தியின் முதல் சொல், 'மேலும்'. பிறகு ஒருமுறை நீண்ட விடுப்பில் போய் 1982-இல் திரும்பியபோது, 'இன்னொரு விஷயம்' என்று ஆரம்பித்தார். நம்மவர்களாக இருந்தால் 'வாசகர்களின் அன்பு வேண்டுகோளுக்கு இணங்கி' என்று முதல் பாராவையே சாப்பிட்டிருப்பார்கள்.

சரி, குத்து. 1963-இல் பி.பி.சி.யில் சனிக்கிழமை இரவு நேரலையாக வந்த அங்கத நிகழ்ச்சி. பார்வையாளர் பகுதியிலிருந்து வாட்டசாட்டமான ஒருவர் மேடைக்கு வந்தார். 'மிஸ்டர் லெவின், கொஞ்சம் எழுந்து நிற்க முடியுமா' என்கிற மாதிரி மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். குள்ளமான, கண்ணாடி போட்ட லெவினும் எழுந்து நின்றார். தன் மனைவி ஆக்னஸ் பெர்னெல்லின் நாடகத்துக்கு இவர் எழுதிய விமர்சனம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கையை ஓங்கினார். அடித்தவர் டெஸ்மண்ட் லெஸ்லி. போர்க்கால விமானி, அதைவிட முக்கியமாக, பறக்கும் தட்டுகள் பூமிக்கு வந்திறங்கின என்று புத்தகம் எழுதியவர். அதையெல்லாம் நம்புகிறவருக்கு மனைவியின் நடிப்பை நம்புவதா கஷ்டம்? லெவின் அசராமல் நிகழ்ச்சியைத் தொடர்ந்தார்.

அவர் வாங்கிய குத்தைக் கேட்ட நீங்கள், கொடுத்ததைக் கேட்கவில்லையே! 1946 முதல் 1958 வரை இங்கிலாந்தின் தலைமை நீதிபதி கோடர்ட் பிரபு. போலீஸ்காரர் ஒருவரின் கொலைக்காக டெரிக் பென்ட்லி என்ற 19 வயது இளைஞனை 1953-இல் தூக்குமேடைக்கு அனுப்பிய வழக்கை விசாரித்தவர் அவர்தான். போலீஸ்காரரைச் சுட்டது பென்ட்லி அல்ல, கூட வந்த 16 வயதுப் பையன். 1971-இல் கோடர்ட் இறந்ததும் புகழஞ்சலிகள் குவிந்தன. லெவின் ஒருவர்தான், இறந்து சில நாட்களே ஆகியிருந்த மனிதரின் தீர்ப்புகளை எடுத்துவைத்து, இவர் நீதித்துறைக்கு நேர்ந்த கேடு என்ற தோரணையில் எழுதினார். செத்தவரெல்லாம் உத்தமர், ஒவ்வொரு சாவும் 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று அச்சுக் கோத்துத் தயாராக வைத்திருக்கும் நம் இரங்கல் இலாகா இதைப் படிக்க வேண்டும். வழக்கறிஞர்கள் கொதித்தார்கள். வழக்கறிஞர்கள் பலர் உறுப்பினர்களாக இருந்த லண்டன் கேரிக் கிளப்பில் சேர லெவின் விண்ணப்பித்தபோது ஓட்டுப் போட்டு வெளியே நிறுத்தினார்கள். 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பென்ட்லியின் தண்டனையை ரத்து செய்தது. கோடர்ட் ஜூரிக்குச் சொன்ன விளக்கத்தால் பென்ட்லிக்கு நியாயமான விசாரணை கிடைக்காமல் போனது என்றும் சொன்னது.

இத்தனை பேரைச் சந்தேகப்பட்டவர் 1980-இல் புனேயில் ரஜனீஷ் ஆசிரமத்துக்கு வந்து, உருகி உருகி எழுதினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். காஸ் போர்டிடம் ஒவ்வொரு ரசீதுக்கும் கணக்குக் கேட்டவர் சாமியாரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பகுத்தறிவு பேசும் பத்தி எழுத்தாளர்கள் ஆசிரம வாசலில் செருப்போடு சேர்த்து எதை எதைக் கழற்றி வைக்கிறார்கள் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம்.

ஆனால் சாமியார்களே சொல்லாத ஒன்றை அவர் சொன்னார். 1977-இல் ஒரு பத்தியில், சோவியத் ஆதிக்கம் ரத்தம் சிந்தாமல், உள்ளிருந்து வரும் புதிய முகங்களாலேயே கலையும் என்று எழுதி, வேடிக்கையாக ஒரு தேதியும் குறித்தார்: 14 ஜூலை 1989, பிரெஞ்சுப் புரட்சியின் 200-வது ஆண்டு நாள். பெர்லின் சுவர் திறந்தது 9 நவம்பர் 1989. பன்னிரண்டு வருடம் முன்பே சொன்னதில் நான்கு மாதம்தான் பிசகு. நம் அரசியல் ஜோசியர்களோ வாக்கு எண்ணிக்கை பாதி முடிந்த பிறகும் 'இழுபறி நீடிக்கிறது' என்கிறார்கள்.