இரண்டு முறை போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்த கையோடு முதல் முறையாக நீட் எழுதினாள். அவள் பள்ளியின் முதல் மாணவி. ஆனால் எங்கள் பிரிவின் கட்-ஆஃபுக்கு முப்பது மதிப்பெண் குறைந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்து இடம் கிடைத்த நால்வருமே இரண்டாவது, மூன்றாவது முறை எழுதியவர்கள். அவர்களில் ஒருவர் பல் மருத்துவம் படித்துக்கொண்டே எழுதியவர். ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை இரண்டு முறைக்கு மேல் எழுத முடியாது. நீட் தேர்வை மட்டும் ஆயுள் முழுக்க எழுதலாம் என்பது என்ன நியாயம்? இதற்கும் இரண்டு முறை என்று வரம்பு விதித்தால் புதிதாக எழுதும் பிள்ளைகளுக்கு வழி பிறக்காதா?

ஒரு தந்தை, பெரம்பலூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஆதங்கம் வெறும் மனக்குறை அல்ல. நீட் தேர்வின் தாக்கத்தை ஆராயத் தமிழக அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கையின்படி, தமிழகத்தில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் மீண்டும் எழுதியவர்களின் பங்கு 2016-17இல் சுமார் 12 சதவீதமாக இருந்தது. 2020-21இல் அது 71 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பள்ளி முடித்த ஆண்டிலேயே இடம் பெறுவது அதற்குள் அரிதாகிவிட்டது.

வரம்பு விதிக்கும் யோசனையும் புதிதல்ல. நீட் வருவதற்கு முன்பே, பிளஸ் டூ தேர்வை மறுபடி எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளும் ‘இம்ப்ரூவ்மென்ட்’ முறை இங்கே இருந்தது. 2005இல் தமிழக அரசு நுழைவுத் தேர்வோடு சேர்த்து அதையும் நீக்கி ஆணையிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணைகளை ரத்து செய்தது. பிறகு 2017இல் நீட் தேர்வை மூன்று முறை மட்டுமே எழுதலாம் என்று அறிவித்தார்கள். அந்த விதி நிலைக்கவில்லை. பொதுப் பிரிவினருக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்றிருந்த வயது வரம்பும் வழக்குகளில் இழுபட்டு, 2022இல் முற்றிலுமாக விலக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் அறிந்தும் உங்கள் கோரிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை என்பதற்குக் காரணம், முதல் முறை என்று நாம் எண்ணுவது எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்பதுதான். எனக்குத் தெரிந்த ஓர் அரசுப் பள்ளி மாணவி, பிளஸ் டூ தேர்வு முடிந்த மார்ச் கடைசிக்கும் நீட் நடக்கும் மே முதல் ஞாயிறுக்கும் இடையே கிடைத்த ஐந்து வாரங்களில்தான் நீட் தேர்வுக்கு அடிப்படையான என்.சி.இ.ஆர்.டி. பாடப் புத்தகங்களையே முதன்முதலாகப் பிரித்தாள். நெகட்டிவ் மார்க்குக்குப் பயந்து இயற்பியலில் பாதிக்கு மேல் தொடாமல் வந்தாள். அடுத்த ஓராண்டு அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். யாரோ எழுதி முடித்துப் பழைய புத்தகக் கடையில் போட்டிருந்த வினா வங்கி ஒன்றை வாங்கி, முந்தைய ஆள் பென்சிலால் குறித்திருந்த விடைகளைப் பக்கம் பக்கமாக ரப்பரால் அழித்துவிட்டு, பிறகு தானாகப் போட்டுப் பார்த்தாள். தாள்கள் தேய்ந்து சில இடங்களில் கேள்வியே மங்கிப்போயிருந்தது. இரண்டாம் முறையில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. அவளும் புள்ளிவிவரத்தில் ‘ரிப்பீட்டர்’தான், ஆனால் அவள் உண்மையிலேயே எழுதிய முதல் தேர்வு அந்த இரண்டாவது தேர்வு என்றே நான் சொல்வேன்.

இரண்டு முறை என்ற உங்கள் வரம்புக்குள் அவள் தப்பித்திருப்பாள் என்று நீங்கள் சொல்லக்கூடும். தப்பித்திருப்பாள்தான், ஆனால் அந்த ஆண்டு அவளுக்குக் காய்ச்சல் வந்திருந்தால் கதை முடிந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ‘ஃபவுண்டேஷன்’ வகுப்புக்குப் போன பிள்ளையோ நான்கு ஆண்டுப் பயிற்சியோடு முதல் முறைக்கு வருகிறது. வரம்பு எழுதிய முறைகளை எண்ணுமே தவிர, தயாரித்த ஆண்டுகளை எண்ணாது. வரம்பு வந்தால், மறுபடி எழுதுகிறவர்களுக்கென்று ஓராண்டுப் பயிற்சியாக லாங் டேர்ம் பேட்ச் நடத்துகிறவர்கள் கடையை மூடப் போவதில்லை. ஏழாம் வகுப்புக்கு ஒரு பேட்ச் தொடங்குவார்கள், அவ்வளவுதான். இலங்கையில் உயர்தரப் பரீட்சையை மூன்று தடவைக்கு மேல் எழுதிப் பல்கலைக்கழகம் போக முடியாது. அதனால் அங்கே டியூஷன் குறைந்துவிடவில்லை. பின்தங்கிய பகுதிப் பிள்ளைகளுக்கு அங்கே கைகொடுப்பது மாவட்ட ஒதுக்கீடே தவிர அந்த வரம்பு அல்ல.

ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ஒப்பீடும் பொருந்தாது. ஐ.ஐ.டி. கிடைக்காதவன் வேறு கல்லூரியில் படித்து அதே பொறியாளர் ஆகலாம். நீட் தவறினால் இந்த நாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்க வேறு வாசலே கிடையாது. 2025இல் 22 லட்சம் பேர் எழுதிய தேர்வுக்கு இருந்த இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். அவற்றிலும் சாமானியர் கட்டணம் கட்டக்கூடிய அரசு இடங்கள் ஏறக்குறையப் பாதிதான்.

ஆனால் வரம்பில் ஒரு கருணை இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ‘போதும், வேறு படி’ என்று பெற்றோரால் சொல்ல முடியாததை ஒரு விதி சொல்லிவிடும். நான்காவது ஆண்டாக வீட்டுக்குள் அடைந்து, உறவினர் விசேஷங்களுக்குக்கூட வர மறுக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அரசு எம்.பி.பி.எஸ். இடத்தில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டு, இன்னும் பேர்பெற்ற கல்லூரிக்காக மறுபடி எழுதுகிறவர்களுக்கு மட்டும் தடை விதிப்பதானால் நானும் கையெழுத்திடுவேன். உங்கள் கடிதத்தில் உள்ள பல் மருத்துவ மாணவரை அந்தக் கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை. அவர் விரும்பிய படிப்பு இன்னும் அவருக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் மகள் மறுபடி எழுத விரும்புகிறாளா, வேறு படிப்பில் சேரப் போகிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. முதல் முறையிலேயே முப்பது மதிப்பெண் அருகில் வந்தவள் அவள். நீங்கள் கேட்கும் விதி நாளையே வந்தால், அவளுக்கு மிஞ்சுவது வரும் மே மாதம் ஒன்றுதான். அவளிடம் இதைக் கேட்டுவிட்டு, என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.