அண்ணனும் நீங்களும் சொல்வது இரண்டு கதை

கேள்வி: என் அப்பா திடீரென இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தொலைபேசியில் செய்தி வந்த நொடி, நான் நின்ற இடம், கையிலிருந்த ஈரத்துணி வரை இன்றும் கண்முன் நிற்கிறது. ஆனால் தானே நேரில் வந்து சொன்னதாக அண்ணன் அடித்துச் சொல்கிறார். எனக்கு மனநோய் ஏதும் இருக்குமோ?

மருத்துவர் பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை அம்மா. நீங்களும் பொய் சொல்லவில்லை, உங்கள் அண்ணனும் பொய் சொல்லவில்லை.

பேரதிர்ச்சியின்போது உடலில் அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் பெருகுகின்றன. உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப்பகுதி விழித்துக்கொண்டு, அருகிலிருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதி அந்த நிகழ்வை அழுத்தமாகப் பதிக்கத் தூண்டுகிறது. சாதாரண நாள்கள் மறந்துபோக, அந்த நாள் மட்டும் தங்கிவிடுவது இதனால்தான்.

அழுத்தமாகப் பதிந்தது அப்படியே மாறாமல் இருக்கும் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். அது உண்மையல்ல. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையே, அந்தச் செய்தியை எங்கே, எப்படி அறிந்தார்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார் உளவியலாளர் உல்ரிக் நைசர். ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் கழித்து அதையே மீண்டும் கேட்டபோது பலருடைய பதில் மாறியிருந்தது. தவறாகச் சொன்னவர்களில் பலர் மிகுந்த உறுதியோடு சொன்னார்கள். அவர்களே எழுதிய பழைய தாளைக் காட்டியும் முதல் நினைவு திரும்பவில்லை.

ஒரு நிகழ்வை நினைக்கும்போதெல்லாம் மூளை அதைப் புதிதாகக் கட்டி எழுப்புகிறது. பிறர் சொன்னதும் பின்னால் கேட்டதும் அதில் கலந்துவிடுகின்றன. அப்பா இறந்தார் என்பதும் உங்கள் துயரமும் மாறுவதில்லை. யார் சொன்னார், எப்படிச் சொன்னார் என்பன போன்ற விவரங்களே இடம் மாறுகின்றன. அது உங்களுக்கும் நேர்ந்திருக்கலாம், அண்ணனுக்கும் நேர்ந்திருக்கலாம். ஆகவே யார் சொல்வது சரி என்று வழக்காட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். அவருக்கு நினைவிருப்பதைக் குறுக்கிடாமல் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். அவரும் அப்பாவை இழந்தவர்தானே!

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்தக் காட்சி நீங்கள் அழைக்காமலே வந்து, இப்போதுதான் நடப்பதுபோல் உங்களை உலுக்குகிறதா? கெட்ட கனவுகள் வருகின்றனவா? தொலைபேசி மணி கேட்டாலே நெஞ்சு படபடக்கிறதா? இவை ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்து அன்றாட வேலையைக் கெடுத்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதிர்ச்சி நினைவுகளுக்கென்றே உள்ள பேச்சு சிகிச்சைகள் நல்ல பலன் தருகின்றன. எத்தனை ஆண்டுகள் கழிந்திருந்தாலும் அவற்றைத் தொடங்கலாம்.