நுரையீரல் புற்றுநோய்க்குப் பாலிமர் வழியாக மரபணுவைச் செலுத்தும் சிகிச்சை ஏன் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை?

மரபணுவைச் சுமக்கும் இத்தகைய பாலிமர் துகள்களை ஆய்வகத்தில் சில ஆண்டுகள் தயாரித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

டி.என்.ஏ. எதிர்மின்னேற்றம் கொண்ட நீண்ட இழை. அதைத் தனியாக இரத்தத்தில் செலுத்தினால் நொதிகள் விரைவில் வெட்டிவிடும். நேர்மின்னேற்றம் கொண்ட பாலிமருடன் கலந்தாலோ, இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்துச் சுருண்டு, ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாகின்றன. 1995-இல் இப்பணிக்கு அறிமுகமான பாலிஎத்திலீன்இமின் என்ற பாலிமர் இன்றும் இத்துறையின் அளவுகோலாக இருக்கிறது. செல் இத்துகளை ஒரு சிறு பைக்குள் விழுங்குகிறது; பை அமிலமாகும்போது பாலிமர் புரோட்டான்களை ஈர்த்துக்கொள்வதால், நீர் புகுந்து பை உடைகிறது என்பது நெடுநாளைய விளக்கம். அது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

5 சதவீத குளுக்கோஸ் கரைசலில் கலந்தால் குழாய் தெளிவாகவே இருக்கும். அதையே உப்புக் கரைசலில் செய்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து, சற்று நேரத்தில் கலங்கல் தெரியும். இரத்தமும் உப்புநீர்தானே! சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒளிரும் புரதத்துக்கான மரபணுவை இப்படிச் சுண்டெலியின் சிரையில் செலுத்தினால் நுரையீரல்தான் பளிச்சென்று ஒளிரும். முதன்முறை பார்த்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் இரத்தப் புரதங்களோடும் சிவப்பணுக்களோடும் ஒட்டிய துகள்கள், வழியில் முதலில் எதிர்ப்படும் நுண்குழாய் வலையான நுரையீரலில் சிக்கிக்கொள்வதும் அந்த ஒளிக்கு ஒரு முக்கியக் காரணம். மரபணு பெருமளவு சேர்வது நுரையீரலின் இயல்பான செல்களிலேயே தவிர, புற்றுக்கட்டியில் அன்று. அளவைக் கூட்டினால் விலங்கு இறந்தும் போகும். துகளைப் பாலிஎத்திலீன் கிளைக்கால் (PEG) என்ற மின்னேற்றமில்லாத பாலிமரால் போர்த்தினால் ஒட்டுவது குறைகிறது. கூடவே செல் அதை ஏற்பதும் குறைந்துவிடுகிறது.

மூச்சுவழி கொடுக்கலாம் என்றால், 1 முதல் 5 மைக்ரோமீட்டர் வரையுள்ள துளிகள் ஆழம் வரை செல்லும்தான். எனினும் சளி அவற்றைப் பிடித்துக்கொள்ளும், காற்றறைகளில் உள்ள விழுங்கணுக்கள் தின்றுவிடும், கட்டி அடைத்த கிளைக்குள் காற்றே போகாது. மூளைக்கும் எலும்புக்கும் பரவியவற்றை இவ்வழியில் எட்டவும் முடியாது.

செல் கட்டற்றுப் பெருகாமல் தடுக்கும் பி53 போன்ற ஒரு காப்பு மரபணுவைத் திரும்பக் கொடுப்பதானால், ஏறக்குறைய ஒவ்வொரு புற்றுசெல்லையும் அது அடைய வேண்டும். தப்பியவை மீண்டும் வளரும். ஆகவே இன்டர்லூக்கின்-12 போல, சில செல்களில் மட்டும் உருவானாலும் வெளியே சுரந்து நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டும் புரதங்களின் மரபணுக்களையே இந்தத் துகள்களில் ஏற்ற வேண்டும் என்பது என் கருத்து.