940-இல் நிற்கும் வேகம்: தடை எங்கே?

கேள்வி: இரண்டு ஜிகாபிட் வேகமுள்ள ஃபைபர் இணைப்புக்கு மாறி, புதிய வைஃபை 6 ரவுட்டரும் வாங்கினேன். ஆனாலும் கேபிள் வழியாக இணைத்த கணினியில் வேகம் 940 மெகாபிட்டைத் தாண்டவில்லை. இணைப்பு தரும் நிறுவனத்திடம் புகார் செய்யலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். 940 என்ற எண்ணே குறை எத்தகையது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கேபிள்வழி இணைப்பு முறையான ஈதர்நெட்டில் முழு அளவுள்ள ஒரு தரவுப் பொதி கம்பியில் 1538 பைட் இடத்தைப் பிடிக்கிறது. முகவரிகள், பிழைச் சரிபார்ப்பு, பொதிகளுக்கு இடையே விடப்படும் இடைவெளி ஆகியவை போக, பயன்படும் தரவு பொதுவாக 1448 பைட்தான். ஒரு ஜிகாபிட்டில், அதாவது ஆயிரம் மெகாபிட்டில், அந்த விகிதம் ஏறத்தாழ 941. ஆக, உங்கள் பாதையில் எங்கோ ஒரு ஜிகாபிட் போர்ட் (கேபிள் செருகும் துளை) பழுதின்றித் தன் முழுத் திறனோடு இயங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் சந்தேகிக்க வேண்டியது ரவுட்டரைத்தான். பெட்டியின் மேல் 6000 என்று அச்சிட்டிருந்தால், அது வைஃபை அலைவரிசைகளின் உச்ச வேகங்களைக் கூட்டி எழுதிய தொகை. கேபிள் போர்ட்டுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பல ரவுட்டர்களில் 2.5 ஜிகாபிட் போர்ட் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அதையும் ஃபைபர் மோடம் எடுத்துக்கொள்ளும்; கணினிக்கு மிஞ்சுவது சாதாரண ஜிகாபிட் போர்ட். அப்படியானால், வீட்டிலுள்ள பல கருவிகள் சேர்ந்து இரண்டு ஜிகாபிட்டைப் பகிர்ந்துகொள்ளலாமே தவிர, ஒரே கணினி அதை அடைய முடியாது. ஒரு ஜிகாபிட் கேபிள்கள் இரண்டை ஒன்றாக இணைக்கும் வசதியும் இங்கே உதவாது. ஒரு பதிவிறக்கத்தின் தரவோட்டம் ஏதேனும் ஒரு கேபிளில் மட்டுமே செல்லும். உங்களுக்குத் தேவை, உள்ளே வரவும் கணினிக்குச் செல்லவுமாக 2.5 ஜிகாபிட் போர்ட்டுகள் இரண்டேனும் உள்ள ரவுட்டர். மோடத்தின் போர்ட்டும் இடையில் பல கேபிள்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டி இருந்தால் அதுவும் அதே தரத்தில் இருக்க வேண்டும்.

கணினியில் ஈதர்நெட் அமைப்புப் பக்கத்தைத் திறந்து இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 2500 என்று இருந்தால் கணினிப் பக்கம் சரி. 1000 என்று இருந்தால், கேபிளின் மறுமுனையிலுள்ள போர்ட்டையோ கணினியின் நெட்வொர்க் கார்டையோ மாற்ற வேண்டும். பின்னதற்கு யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகும் 2.5 ஜிகாபிட் அடாப்டரே போதும். யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகினால் 480 மெகாபிட்டைத் தாண்டாது. பழைய 10 ஜிகாபிட் கார்டு கைவசம் இருந்தால் கவனம் தேவை: 2.5 ஜிகாபிட் தரநிலை 2016-இல்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய கார்டுகள் பலவும் 10 கிடைக்காவிட்டால் நேரே 1-க்கு இறங்கிவிடும்.

சுவரை உடைத்துக் கேபிள் மாற்றத் தேவையில்லை. கேட் 5இ (Cat 5e) தர நெட்வொர்க் கேபிளே 100 மீட்டர் வரை 2.5 ஜிகாபிட்டைத் தாங்கும்.

வைஃபையில் இந்த வேகத்தை எதிர்பார்ப்பதானால், ரவுட்டர், மடிக்கணினி இரண்டும் 160 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில் இயங்க வேண்டும். இரண்டு ஆன்டெனா கொண்ட வைஃபை 6 மடிக்கணினியில் அப்போது காட்டப்படும் இணைப்பு வேகம் 2402 மெகாபிட். கைக்குக் கிடைப்பது அதைவிடக் கணிசமாகக் குறைவு, அதுவும் அதே அறையில் இருந்தால்தான்.

எல்லாப் போர்ட்டுகளும் 2500 காட்டியும் வேகம் ஏறவில்லை என்றால், ரவுட்டரில் போக்குவரத்து முன்னுரிமை, பெற்றோர் கட்டுப்பாடு போன்ற வசதிகளை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். அவை ஒவ்வொரு பொதியையும் ரவுட்டரின் செயலியிடம் அனுப்பி வேகத்தைக் குறைத்துவிடக்கூடும். அதன் பிறகும் மோடத்தில் நேரடியாக இணைத்த கணினியில் குறைவாகவே வந்தால், தாராளமாகப் புகார் செய்யலாம்.