கணவருக்கு மலேரியா வந்திருந்தது, கர்ப்பமாக இருக்கும் எனக்கும் தொற்றுமா?

கேள்வி: ஹட்டனில் இருக்கிறேன், இது ஐந்தாம் மாதம். உகண்டாவில் வேலை செய்த கணவர் போன மாதம் வந்தார். அங்கே மலேரியாவுக்கு மருந்து எடுத்தவர், இங்கே வந்த பிறகும் இரண்டு தடவை குளிர்காய்ச்சல். கிளினிக்கில் எனக்கு இரத்தம் 9.2 என்றார்கள். மலேரியாவா டொக்டர்?

பதில்: தங்கச்சி, முதலில் கணவரை இன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று இருக்க வேண்டாம், மலேரியா விட்டு விட்டும் வரும். சோதனை இலவசம். ஒரு தடவை கிருமி தெரியவில்லை என்றாலும் திரும்பவும் பார்க்கச் சொல்லிக் கேட்கட்டும்.

ஒரே வீட்டில் இருப்பதால் உங்களுக்கு ஒட்டாது. அவரைக் கடித்த அனோபிலிஸ் நுளம்புக்குள் கிருமி ஒன்றிரண்டு வாரம் வளர்ந்து, அதே நுளம்பு உங்களையும் கடிக்க வேண்டும். ஹட்டன் குளிரில் அது லேசில் நடக்காது. ஆனால் கீழ்நாட்டுச் சூட்டில் நடக்கும். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று சான்று வாங்கிய பிறகும், 2018இல் மொனராகலையில் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரிடமிருந்து நுளம்பு வழியாக இன்னொருவருக்குத் தொற்றியது. அதனால் கணவருடைய சோதனை முடியும்வரை இருவரும் கீழ்நாட்டுப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகாதீர்கள்.

உங்கள் ஹீமோகுளோபின் 9.2 ஆகக் குறைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவுதான். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணீரோடு குடிக்கிறீர்களா? நம் பக்கத்தில் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், குளிசையின் இரும்புச்சத்து சரியாக உடம்பில் சேராமலே போகிறது. தேத்தண்ணீருக்கும் குளிசைக்கும் இடையில் இரண்டு மணித்தியாலமாவது விடுங்கள், கல்சியம் குளிசையையும் வேறு நேரத்தில் போடுங்கள்.

இருந்தாலும் நீங்களும் ஒரு தடவை மலேரியா சோதனை செய்துகொள்வது நல்லது என்பேன். கர்ப்பிணிக்கு இது வந்தால் கிருமி புகுந்த சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்ளும், தாய்க்கு இரத்தம் குறையும், பிள்ளைக்குச் சாப்பாடும் ஒட்சிசனும் சரியாகப் போகாது. கரு கலையலாம், பிள்ளை நிறை குறைந்து பிறக்கலாம், வயிற்றிலேயே இறக்கவும் கூடும். நம் ஆட்களுக்கு இப்போது மலேரியாவுக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை, வந்தால் கடுமையாக வரக்கூடும். நேரத்துக்குக் கண்டுபிடித்தால் கர்ப்பிணிக்கும் கொடுக்கக்கூடிய நல்ல மருந்து இருக்கிறது. ஆனால் கணவர் கொண்டுவந்த மிச்சக் குளிசையை நீங்கள் தொடவே கூடாது. பிரிமாகுயின் போன்றவை வயிற்றுப் பிள்ளையின் இரத்தத்தையே கெடுக்கக்கூடும்.

அப்புறம், காய்ச்சல் என்று யார் போனாலும் இங்கே முதலில் டெங்குவைத்தான் நினைப்பார்கள், மலேரியா நோயாளியைப் பார்த்தே இராத இளம் டொக்டர்கள் நிறைய. ‘உகண்டாவிலிருந்து வந்தவர்’ என்பதை அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் மிட்வைஃபிடமும் சொல்லி வையுங்கள்.