மன்னார்குடி எவ்வளவு தூரம்?

அன்புள்ள ஐயா,

என் தங்கை கணவர் கும்பகோணத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. போன மாதம் மன்னார்குடிக்கு மாற்றிவிட்டார்கள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். வீட்டில் அடுப்பு எரியவில்லை; அக்கம்பக்கத்தார் வந்து துக்கம் விசாரிக்கிறார்கள். நான் இருபத்திரண்டு வயதில் ஒரே ஒரு பெட்டியோடு மஸ்கட்டுக்கு விமானம் ஏறியவன். மகள் பிறந்ததைப் புகைப்படத்தில் பார்த்தவன். எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்தால் தங்கை பேசமாட்டாள். நீங்களும் அரசுப் பணியில் இருந்தவர்தானே? இவர்களுக்கு என்னதான் பிரச்சினை?

ஆர்., மஸ்கட்

அன்புள்ள ஆர்.,

சிரிக்காதீர்கள். அழுதவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேன்.

மாறுதல் பருவம் வந்துவிட்டதா என்று எங்கள் அலுவலகத்தில் நாள்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை. மருத்துவ விடுப்பு விண்ணப்பக் கட்டின் கனத்தைப் பார்த்தாலே போதும். நேற்றுவரை மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவியவருக்கு இன்று முதுகெலும்பில் தேய்மானம். கண்காணிப்பாளர் ஒருவர், தபாலில் பழுப்பு உறை வந்ததும் அதைப் பிரிப்பதற்கு முன்பே இடது மார்பில் கை வைத்துவிட்டார். பிரித்தால் எழுதுபொருள் ஒதுக்கீட்டுக் கடிதம். வைத்த கையைச் சும்மா எடுக்க முடியாமல், சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவிக் கையெழுத்துப் போட்டார்.

ஆணை கைக்கு வராதவரை மாறுதலே இல்லை என்பது எங்கள் குலநம்பிக்கை. ஆணையோடு வீடு தேடி ஆள் வந்தால், மாறுதலானவர் திருப்பதிக்குப் போயிருப்பார். அரசாங்கமும் லேசுப்பட்டதல்ல, சாட்சி வைத்துக்கொண்டு கதவில் ஒட்டிவிட்டுப் போகும். அதற்குச் ‘சார்வு செய்தல்’ என்று பெயர். என் நண்பர் ஒருவர் அப்படி ஒட்டிய தாளைக் கிழிக்கவும் இல்லை, படிக்கவும் இல்லை. நான்கு நாட்கள் கொல்லைப்புற வழியாகவே போய்வந்தார்.

வழக்குப் போட்டும் பெரிதாகப் பயனில்லை. பீகாரில் சில ஆசிரியைகள் கணவர் வேலைபார்க்கும் ஊருக்கே மாறுதல் கேட்டு வாங்கினார்கள்; அதனால் இடம்பெயர நேர்ந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். மாறுதலுக்குரிய பதவியில் இருப்பவர் ஒரே ஊரில் நீடிக்க உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹரியானாவில் அசோக் கெம்கா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி 34 ஆண்டுப் பணியில் 57 மாறுதல்களைப் பார்த்து 2025-இல் ஓய்வுபெற்றார். இதையெல்லாம் உங்கள் மாப்பிள்ளையிடம் சொல்லித் தொலைக்காதீர்கள், ஆறுதலாக இருக்காது.

வேண்டுமானால் ‘மனமொத்த மாறுதல்’ பற்றிச் சொல்லுங்கள். இருவர் சம்மதித்து ஊர் மாற்றிக்கொள்வது. பெயரே கல்யாணப் பத்திரிகை போல இருக்கிறது, நடப்பதும் பெண் பார்க்கும் படலம்தான். சக ஊழியர் ஒருவருக்குத் துணையாகத் தஞ்சாவூர் பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். எதிர்த்தரப்பு புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்தது. ‘எங்கள் ஊரில் வாடகை குறைவு, அதிகாரி தங்கமானவர்’ என்றார் அவர். ‘எங்கள் அலுவலகத்தில் ஐந்தரைக்கு மேல் ஒரு நிமிடம் உட்காரவேண்டாம், காபி பிரமாதம்’ என்றார் இவர். இரண்டாவது டீ முடிவதற்குள் இருவர் முகத்திலும் ஒரே சந்தேகம்: இவ்வளவு நல்ல இடத்தை விட்டு இந்த ஆள் ஏன் ஓடப் பார்க்கிறான்? விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாமலே அவரவர் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் நான்கு காசு கூடக் கிடைக்கும் என்று கடல் தாண்டினீர்கள். அவர் அதே சம்பளத்துக்கு, ஊரைப் பொறுத்து வீட்டு வாடகைப்படி இன்னும் குறையலாம் என்ற பயத்தோடு, பஸ் ஏறவேண்டும். அதுகூடப் பெரிதில்லை. கும்பகோணத்தில் அவர் தலை தெரிந்தாலே டீக்கடைக்காரர் சர்க்கரையைக் குறைத்துவிடுவார். மருந்துக்கடையில் கணக்கு உண்டு. மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் மேசையைப் பிடிக்கப் பதினோரு வருடம் காத்திருந்திருப்பார். மன்னார்குடியில் அவர் சன்னல் இல்லாத மூலையில், ஒரு கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து, ‘நீங்கள் யார்?’ என்ற கேள்விக்கு நாளைக்கு நாலு தடவை பதில் சொல்லவேண்டும். மஸ்கட்டில் உங்களை யாருக்கும் தெரியாது என்பது உங்களுக்கு முன்பே தெரியும். அரசு ஊழியருக்கு அந்தத் தகவல் ஐம்பது வயதில்தான் கிடைக்கிறது.

என்னைக் கமுதிக்கு மாற்றினார்கள். இராமநாதபுரம் மாவட்டம். ‘தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றிவிடுவேன்’ என்று அதிகாரிகள் மிரட்டுவார்களே, அந்தக் காடு. காவிரிக்கரையில் வளர்ந்தவன் நான். இரண்டு குடம், ஒரு மூட்டை மாத்திரை, தாங்கமுடியாத சோகம் ஆகியவற்றோடு போய் இறங்கினேன். நான் யாருடைய இடத்துக்குப் போனேனோ, அவர் அந்த மண்ணிலேயே பிறந்தவர். அவரைத் தஞ்சாவூருக்குப் போட்டிருந்தார்கள். பொறுப்பு ஒப்படைக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது அவர் கண் கலங்கியிருந்தது. பீரோ சாவியை என்னிடம் நீட்டியவர், கையை விடாமல் கேட்டார்:

‘சார், அங்கே எங்கே பார்த்தாலும் தண்ணீராம். உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா?’